ஏப்பத்தில் போகும் தீவனம்: நாலைந்து மாடு வைத்திருப்பவர் எதில் காசு போடலாம்?

இரவு எட்டரைக்குக் கட்டுத்தரைப் பக்கம் போனால் ஐந்து மாடும் படுத்து அசைபோட்டுக் கொண்டிருக்கும். கழுத்தின் இடதுபக்கம் பார்த்தால் ஓர் உருண்டை மேலே ஏறுவது தெரியும். வாய்க்கு வந்ததும் நாற்பது ஐம்பது தடவை அரைத்துவிட்டு மறுபடி விழுங்கும். அப்புறம் கொஞ்ச நேரம் வாய் அசையாது. அந்த இடைவெளியில் சத்தமில்லாமல் ஓர் ஏப்பம். மூக்கருகே முகத்தைக் கொண்டுபோனால் புளித்த புல் வாடை அடிக்கும். வாடை, கூடவே வரும் அமிலங்களுடையது. அதே ஏப்பத்தில் வெளியேறும் மீத்தேன் வாயுவுக்கு வாடையே கிடையாது.

மீத்தேன் என்றதும் பலரும் சாணத்தைத்தான் நினைக்கிறார்கள். சாண எரிவாயுக் கலனில் பிடிப்பதும் அதே வாயுதான். ஆனால் மாட்டின் குடலுக்குள் உருவாகும் மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறுகிறது. வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை விடும். சாண எரிவாயுக் கலன் நல்ல விஷயம், வைத்திருப்பவர்கள் தொடரட்டும். ஆனால் ஏப்பத்தை அது தொடவே தொடாது.

எங்கள் ஊர் பால் சங்கத்தில் இந்த வருடம் ஒரு சிறு தொகை ஒதுக்கி, கறவை மாடுகளின் மீத்தேனைக் குறைக்க ஏதாவது செய்யலாமா என்று பேச்சு வந்தது. ஒருவர் கடற்பாசி என்றார். இன்னொருவர் வெளிநாட்டுப் பவுடர் என்றார். தீவனத்தைச் சரி செய்தாலே போதும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். மாடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வயிற்றுக்குள் நடப்பது

மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு தொட்டி. உள்ளே சூடு ஏறக்குறைய 39 டிகிரி, காற்று கிடையாது. அதிலுள்ள சாற்றில் ஒரு மில்லி எடுத்தால் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கும். கூடவே புரோட்டோசோவா, பூஞ்சை, ஆர்க்கியா. வைக்கோலில் உள்ள நாரை உடைக்க மாட்டிடம் சொந்தமாக எந்த நொதியும் இல்லை. உடைப்பது இந்த நுண்ணுயிர்கள்தான். நாம் தீவனம் போடுவது அவற்றுக்கு. அவை கழிக்கும் அமிலங்களையும் செத்த நுண்ணுயிர்களின் புரதத்தையும் வைத்துத்தான் மாடு பிழைக்கிறது, பால் கொடுக்கிறது.

அந்த அமிலங்களில் முக்கியமானவை மூன்று: அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக். நார் அதிகமுள்ள தீவனத்தில் அசிட்டிக் அதிகம் வரும். அசிட்டிக்கும் பியூட்டிரிக்கும் உருவாகும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. புரோப்பியானிக் உருவாகும்போது ஹைட்ரஜன் செலவாகிறது. மிஞ்சும் ஹைட்ரஜன் வயிற்றில் தேங்கினால் நொதித்தல் மந்தமாகிவிடும். அதைக் காலி செய்யும் வேலையை எடுத்துக்கொண்டவை மெத்தனோபிரெவிபாக்டர் போன்ற ஆர்க்கியாக்கள். நாலு ஹைட்ரஜன் மூலக்கூறையும் ஒரு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கி விடுகின்றன. பாக்டீரியாவைப் போலத் தெரிந்தாலும் இவை வேறு குலம். 1977-ல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியாவைத் தனிப் பிரிவாகப் பிரித்துக் காட்டியது இந்த மீத்தேன் உண்டாக்கிகளை வைத்துத்தான்.

நமக்கு இதில் என்ன நஷ்டம்? தீவனத்தில் இருக்கும் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகப் போகிறது. பொதுவாக ஆறு, ஏழு சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். வெறும் வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டும் தின்னும் மாட்டுக்கு இந்தப் பங்கு கூடுதல். வெளியே போன மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் தங்கும். ஆனால் நூறு வருடக் கணக்கில் பார்த்தாலே கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு பூமியைச் சூடேற்றும். 20 வருடக் கணக்கில் 80 மடங்கு. சீக்கிரம் மறைகிற வாயு என்பதால், இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் மீத்தேனாக மாறும் கதவை அடைப்பது ஒரு வழி. ஹைட்ரஜனே குறைவாக வரும்படியோ, வந்தது வேறு நல்ல வழியில் செலவாகும்படியோ செய்வது இன்னொரு வழி. கதவை அடைத்தால் மிச்சமான ஆற்றல் தானாகப் பாலாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பல சோதனைகளில் மீத்தேன் நன்றாகக் குறைந்தும் பால் சொல்லும்படி கூடவில்லை, ஹைட்ரஜன் அப்படியே ஏப்பத்தில் போயிருக்கிறது. ஐயாயிரம் மாட்டுப் பண்ணைக்கு, வாயுவைக் குறைத்ததற்குக் கார்பன் கிரெடிட் என்று ஏதாவது காசு வரும். நாலு மாட்டுக்காரருக்குத் திரும்பி வருவது பால் கேனில் மட்டும்தான். ஆகவே என் அளவுகோல் இதுதான்: மீத்தேன் எவ்வளவு குறைகிறது, பாலிலும் கொழுப்பிலும் என்ன ஆகிறது, கட்டிப்போட்டுத் தீனி போடும் நம் முறைக்கு ஒத்துவருமா.

வெளிநாட்டுப் பவுடர்

பெயர் 3-நைட்ரோஆக்சிபுரோப்பனால், விற்பனைப் பெயர் போவேர். ஆர்க்கியாக்கள் மீத்தேன் செய்யும் கடைசிப் படியில் ஒரு நொதி இருக்கிறது. இந்த வேதிப்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குக் கால் தேக்கரண்டி போதும். கறவை மாடுகளில் 30 சதவீதம் வரை மீத்தேன் குறைகிறது. பிரேசிலிலும் சிலியிலும் 2021-ல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022-ல், அமெரிக்காவில் 2024-ல் அனுமதி கிடைத்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதுதான் மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி.

சிக்கல் வேறு இடத்தில். வயிற்றுக்குள் போன சில மணி நேரத்தில் இது சிதைந்துவிடும். மாடு வாய் வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். பசும்புல், உலர்தீவனம், அடர்தீவனம் எல்லாவற்றையும் ஒன்றாக மிஷினில் கலந்து நாள் முழுக்கத் தொட்டியில் வைக்கிற பண்ணைக்கு இது சரி. நாம் காலையில் பால் கறக்கும்போது ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை தவிடும் புண்ணாக்கும் வைக்கிறோம். நடுவில் தட்டு, மேய்ச்சல். காலையில் போட்டது பகலுக்கே தாங்காது.

டென்மார்க்கில் 50 மாடுகளுக்கு மேல் இருக்கும் பண்ணைகள் மீத்தேனைக் குறைக்கும் தீவனம் கொடுக்க வேண்டும் என்று 2025-ல் கட்டாயமாக்கினார்கள். அந்த வருடக் கடைசியில், மாடுகள் தீனி எடுப்பதில்லை, நோவு வருகிறது என்று பல பண்ணையாளர்கள் புகார் சொல்ல, விசாரணை வரைக்கும் போனது. பொருள் கெட்டது என்று இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மாட்டுக்காரர் மனசு ஒப்பாமல் மேலிருந்து திணித்தால் நல்ல பொருளும் நிற்காது என்பது மட்டும் தெரிகிறது.

கடற்பாசி

பேஸ்புக்கில் அதிகம் சுற்றும் செய்தி இது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கடலோரம் மேய்ந்து பாசி தின்ற மாடுகள் மற்ற மாடுகளைவிட நன்றாக இருப்பதை ஒரு விவசாயி கவனித்ததில் கதை தொடங்கியது. பிறகு ஆஸ்திரேலியாவில் பல பாசிகளைச் சோதித்தபோது அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புப் பாசி மட்டும் தனித்து நின்றது. கலிஃபோர்னியாவில் இறைச்சி மாடுகளுக்குக் கொடுத்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் மீத்தேன் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மற்ற வழிகள் பெரும்பாலும் இந்த அளவுக்கு வரவில்லை.

வேலை செய்வது பாசியில் உள்ள புரோமோஃபார்ம். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். பாலில் அயோடினும் கூடிவிடுகிறது. குழந்தைகள் குடிக்கிற பாலில் இந்த இரண்டு கேள்வியும் முழுதாகத் தீராதவரை நான் என் மாட்டுக்கு வைக்க மாட்டேன். மாடுகளுக்கும் வாசம் பிடிப்பதில்லை, அளவு கூடினால் தீனி குறைந்துவிடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, தெப்பம் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் எதுவும் இந்தப் பாசி அல்ல. அவற்றை அரைத்து வைத்தால் தாதுச்சத்து கிடைக்கலாம். அந்த 80 சதவீதம் கிடைக்காது. பாசி என்று எழுதிய பொட்டலத்தைப் பார்த்ததும் வாங்கிவிட வேண்டாம்.

புளியங்கொட்டைத் தோல்

இது நம் ஊர்ச் சரக்கு. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தில், டானின் அதிகமுள்ள தாவரங்களைக் கொண்டு ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையைச் செய்தார்கள். மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது என்று அறிவித்தார்கள். அதே நிறுவனம் புளியங்கொட்டைத் தோலை வைத்தும் நிறைய வேலை செய்திருக்கிறது. புளியங்கொட்டை மாவு ஆலைகளில் தோல் கழிவாகத்தான் குவிகிறது.

டானின் என்றால் கடுக்காயை நாக்கில் வைத்ததும் வாயைச் சுருக்குமே, அதுதான். ஆர்க்கியாக்களையும் அவை ஒட்டி வாழும் புரோட்டோசோவாக்களையும் அது மட்டுப்படுத்துகிறது. பெருவயிற்றில் புரதத்தைக் கொஞ்சம் கட்டி வைத்து அடுத்த குடலுக்குத் தள்ளுவதால் அதிலும் சிறு லாபம். காங்கேயம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் வெள்வேலங்காய் தின்று வளர்ந்த மாடுகளும் ஆடுகளும் தலைமுறை தலைமுறையாக டானின் தின்றவைதான்.

ஆனால் அளவு தவறினால் அடி பலமாக இருக்கும். மூன்று வருடம் முன்பு நானே ஊறவைத்த புளியங்கொட்டையைத் தோலோடு கணக்குப் பார்க்காமல் போட்டேன். ஐந்தாம் நாள் மாட்டுக்குச் சாணி கல் மாதிரி கட்டிவிட்டது, தீனி பாதியாகக் குறைந்தது, ஒரு லிட்டர் பால் போய்விட்டது. கொட்டையை நிறுத்தி, பசுந்தட்டு கொடுத்துத் தேற்ற ஒரு வாரம் ஆனது. அதனால் இதை வீட்டில் கைப்பக்குவமாகச் செய்யாமல், அளவு சொல்லி வரும் சேர்க்கையாக வாங்குவதே நல்லது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டவே வேண்டாம். அதற்குப் பெருவயிறு இன்னும் முழுதாக வேலைக்கு வந்திருக்காது.

எண்ணெயும் இதே ரகம்தான். தீவனத்தில் கொழுப்பு ஒரு சதவீதம் கூடினால் மீத்தேன் சுமார் நாலைந்து சதவீதம் குறையும். மொத்தத் தீவனத்தில் ஆறேழு சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பது கெட்டுவிடும். தேங்காய்ப் புண்ணாக்கு கிடைக்கிற ஊர்களில் செக்கில் ஆட்டிய புண்ணாக்கையே வாங்கலாம். அதில் எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருக்கும். எண்ணெய் முழுதும் உறிஞ்சி எடுத்த ஆலைப் பிண்ணாக்கில் இந்தப் பலன் இராது.

தீவனத்தைச் சரி செய்வது

சங்கத்தில் அந்தப் பெரியவர் சொன்னதுதான். பேசுவதற்குச் சுவாரசியம் இல்லாத வழி. ஆனால் நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான்.

பெரும்பாலான கட்டுத்தரைகளில் மாடு குறைவாகத் தின்பதில்லை, கோணலாகத் தின்கிறது. வைக்கோல் வயிறு நிறைய. தவிடு கைக்கு வந்த அளவு. புரதம் ஒரு நாள் தூக்கல், ஒரு நாள் பற்றாக்குறை. தாது உப்பு கிடையாது. நாரை உடைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாதபோது வைக்கோல் வயிற்றில் நீண்ட நேரம் கிடந்து மெதுவாக நொதிக்கிறது. மீத்தேன் அதிகம், பால் குறைவு.

குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் சமச்சீர் தீவனத் திட்டம் ஒன்றைப் பல மாநிலங்களில் நடத்தியது. ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, மாட்டின் எடை, பால், வீட்டிலிருக்கும் தீவனம் ஆகியவற்றைக் கணினியில் போட்டு, எதை எவ்வளவு வைப்பது என்று சொல்ல வைத்தார்கள். தீவனச் செலவு குறைந்ததோடு, ஒரு கிலோ பாலுக்கு மீத்தேன் 12 முதல் 15 சதவீதம் குறைந்தது என்கிறது வாரியம்.

ஒரு கிலோ பாலுக்கு என்று சொல்வதைக் கவனியுங்கள். கணக்குக்காக ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு லிட்டர் கறந்து 200 கிராம் மீத்தேன் விடுகிறது, லிட்டருக்கு 33 கிராம். தீவனம் சரியாகி ஒன்பது லிட்டர் கறந்து 220 கிராம் விடுகிறது என்றால் லிட்டருக்கு 24 கிராம். மாடு விடுவது கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் ஊருக்குத் தேவையான பாலைக் கறக்க இப்போது குறைவான மாடு போதும். இது சரியான கணக்கு, ஒரு நிபந்தனையோடு. பால் கூடியதைப் பார்த்து எல்லோரும் இன்னும் இரண்டு மாடு வாங்கினால் ஊர் மொத்தத்தில் ஒன்றும் குறையாது. இதைக் கூட்டத்திலும் வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன்.

சரி, தானியத்தைக் கூட்டினால் புரோப்பியானிக் கூடி மீத்தேன் இன்னும் குறையுமே என்று கேட்கலாம். குறையும். ஆனால் பாலின் கொழுப்புக்கு அசிட்டிக் அமிலம்தான் மூலப்பொருள். தானியம் மிஞ்சினால் கொழுப்பு இறங்கும், சங்கத்தில் விலை இறங்கும். அதற்கு மேலும் போனால் வயிறு புளித்து மாடே போய்விடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும், பொங்கலன்று பாசத்தில் வைத்த பொங்கலையும் தின்று படுத்த மாடுகளை நம் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார்கள். கட்டுத்தரையில் நீர் பிரிந்த சாணியோடு பல்லை நறநறவென்று கடித்துக் கிடக்கும் மாட்டை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்புறம் சோற்றுப் பானையை அந்தப் பக்கம் எடுத்துப் போக மாட்டார்கள்.

ஆகவே கூட்ட வேண்டியது பசுந்தீவனம். கோ எப்எஸ் 29 ரகத் தீவனச் சோளம், கம்பு நேப்பியர், கூடவே வேலிமசால் போல ஒரு பயறு வகை. தண்ணீர் இல்லாதவர்கள் வைக்கோலையே மேம்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்க வேண்டும். பிரித்ததும் ஆற விட்டுத்தான் போட வேண்டும். யூரியாவை நேரடியாகத் தொட்டியில் கலப்பது விஷம் வைப்பதற்குச் சமம்.

தாது உப்பு தினம் 30 முதல் 50 கிராம். இதன் பலன் சுற்றிக்கொண்டு வரும். தாது உப்பு இல்லாத மாடு பருவத்துக்கு வராது, சினை ஊசி போட்டாலும் நிற்காது. கறவை வற்றிச் சும்மா நிற்கும் மாடும் ஏப்பம் விடுகிறது, எதிரே ஒரு சொட்டுப் பால் இல்லை. பதினெட்டு மாதத்துக்கு ஒரு கன்று என்பதைப் பதினாலு மாதத்துக்குக் கொண்டுவந்தால், அதுவே மீத்தேன் குறைக்கும் ஒரு திட்டம்தான். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவை விலையும் தாங்கக்கூடியது.

நுண்ணுயிரையே மாற்ற முடியாதா?

கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்ட நல்ல கேள்வி. ஒரு தடவை முடிந்திருக்கிறது, வேறு காரணத்துக்காக. சூபாபுல் இலையில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. ஆஸ்திரேலிய மாடுகளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, ஹவாயில் ஆடுகள் தின்றும் ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆட்டின் வயிற்றுச் சாற்றிலிருந்த நுண்ணுயிரை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார், பிரச்சினை தீர்ந்தது. அந்த பாக்டீரியாவின் பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது: சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை. ஆனால் நஞ்சை உடைக்கும் ஒரு புது வேலைக்காரனைச் சேர்ப்பது வேறு, பல லட்சம் வருடமாக ஊன்றிய ஆர்க்கியாவை வெளியேற்றுவது வேறு. வயிற்றுச் சாற்றை மாற்றினாலும் சில வாரங்களில் மாடு தன் பழைய கூட்டத்துக்கே பெரும்பாலும் திரும்பிவிடுகிறது.

எந்த நுண்ணுயிர் தங்குகிறது என்பதில் மாட்டின் பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. அதனால் இனவிருத்தி வழி திறந்திருக்கிறது. கனடாவில் 2023 முதல் ஹோல்ஸ்டைன் மாடுகளுக்கு மீத்தேனையும் ஒரு குணமாகக் கணக்கிடுகிறார்கள். நியூசிலாந்தில் குறைந்த மீத்தேன் விடும் செம்மறிகளைப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். மெதுவான வழி, ஆனால் ஒரு தடவை வந்தால் தினம் காசு போட வேண்டியதில்லை. சங்கம் செய்யக்கூடியதல்ல, அரசு செய்ய வேண்டியது.

சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுக்கப்போவது

தொகையில் பெரும்பங்கு தாது உப்புக்கும், தட்டு வெட்டும் மிஷின் ஒன்றுக்கும், வேலிமசால் விதைக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவரைத் தீவனக் கணக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், கறவை வேலை தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவரைக் கேட்கலாம்.

மிச்சத்தில் டானின் சேர்க்கை வாங்கி, விருப்பப்பட்ட இரண்டு கட்டுத்தரைகளில் மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்போம். அதில் ஒன்று என்னுடையதாக இருக்கட்டும். தினமும் பால் லிட்டர், கொழுப்பு, சாணியின் பதம் மூன்றையும் நோட்டில் எழுதுகிறேன். மீத்தேனை அளக்கக் கருவி நம்மிடம் இல்லை. தீனி குறையாமல், கொழுப்பு இறங்காமல் இருக்கிறதா என்பதை நம்மால் அளக்க முடியும். குறைந்தால் அன்றே நிறுத்திவிடலாம்.

பவுடருக்கும் கடற்பாசிக்கும் இந்த வருடம் காசு வேண்டாம். நாள் முழுக்க மெதுவாகக் கரைந்து வேலை செய்யும் மாத்திரை வடிவில் பவுடர் வந்தால் அப்போது மறுபடி கூட்டத்தில் வைக்கிறேன்.